வண்டி நகர்ந்தால் டிஷ் எங்கே பார்க்கும்?

உங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ டிஷ்ஷைக் கடைசியாகத் தொட்டவர் யார்? அநேகமாக அதைப் பொருத்த வந்த பணியாளராகத்தான் இருப்பார். அதன்பின் மழையிலும் வெயிலிலும் அது ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கிறது.

அமெரிக்காவில் ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டியில் பயணம் செய்பவர்களின் கதை வேறு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள அந்த வண்டியில் பலர் செயற்கைக்கோள் தொலைக்காட்சியையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தியதும், முக்காலியில் ஒரு டிஷ்ஷைப் பொருத்தி, திசைகாட்டியோடு சுற்றிச் சுற்றி வருவார்கள்.

இப்படியொரு காணொளியைப் பார்த்த மூன்றாம் படிவ மாணவி ஒருவர் வகுப்பில் கேட்டார்: “சார், செயற்கைக்கோள் ஒரே இடத்தில்தான் நிற்கும் என்று சொன்னீர்களே! பிறகு அவர் ஏன் தினமும் டிஷ்ஷைத் திருப்புகிறார்?”

நல்ல கேள்வி. விடையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நிற்பது போல் ஓடும் செயற்கைக்கோள்

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் உண்மையில் நிற்பதில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் அதே நேரம்தான் ஆகும். இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால், கீழே இருக்கும் நமக்கு அது வானில் ஒரே புள்ளியில் நிற்பதாகத் தெரிகிறது. 1964ஆம் ஆண்டு ஏவப்பட்ட சின்காம் 3 தான் இப்படி நின்ற முதல் செயற்கைக்கோள்.

அமெரிக்காவில் டைரெக்டிவி நிறுவனம் 1994இல் சேவையைத் தொடங்கியபோது, வெறும் 45 சென்டிமீட்டர் அகல டிஷ்ஷே போதுமானதாக இருந்தது. அதனால்தான் டிஷ்ஷை வண்டியில் தூக்கிச் செல்வது சாத்தியமானது. அந்நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் இருக்கும் இடங்களில் ஒன்று 101 பாகை மேற்குத் தீர்க்கரேகை. அதையே நம் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

இரண்டு கோணங்கள் போதும்

வானில் ஒரு புள்ளியைக் காட்ட இரண்டு எண்கள் தேவை. வடக்கிலிருந்து வலப்பக்கமாக எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது திசைக்கோணம். தரையிலிருந்து எவ்வளவு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்றக்கோணம்.

ஒரு குடும்பம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டலில் புறப்படுகிறது. அங்கே அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்குப் பக்கம், 152 பாகைத் திசையில், 31 பாகை உயரத்தில் இருக்கும். 5,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி, தென்கிழக்கு மூலையிலுள்ள மயாமிக்குப் போய்ச் சேர்ந்தால், அதே செயற்கைக்கோள் தென்மேற்குப் பக்கம், 221 பாகைத் திசையில், 52 பாகை உயரத்தில் இருக்கும். செயற்கைக்கோள் இடம் மாறவில்லை, பார்ப்பவர்தான் மாறிவிட்டார்.

நம் ஊரில் எப்படி? ஆஸ்ட்ரோவுக்கான மீசாட் செயற்கைக்கோள்கள் 91.5 பாகை கிழக்கில் உள்ளன. நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் வாழ்வதால், கோலாலம்பூரில் ஏற்றக்கோணம் ஏறக்குறைய 77 பாகை. அதாவது, செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

“நம் டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லையே?” என்று கேட்பீர்கள். இவ்வகை டிஷ், ஒரு பெரிய பரவளைவுக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டைப் போன்றது. அதனால் அலைகளை வாங்கும் கருவி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். டிஷ்ஷின் முகம் பார்ப்பதாகத் தோன்றும் கோணத்தைவிட, அது உண்மையில் பார்க்கும் கோணம் சுமார் 20 பாகை அதிகம்.

ஒவ்வொரு முறையும் ஏன்?

100 கிலோமீட்டர் நகர்ந்தால் கோணம் அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு பாகைதான் மாறும். அப்படியானால் பக்கத்து ஊருக்குப் போனாலும் ஏன் மீண்டும் திருப்ப வேண்டும்?

காரணம் எளிது. நேற்று வடக்கு நோக்கி நின்ற வண்டி இன்று கிழக்கு நோக்கி நிற்கிறது. நேற்று சமதரை, இன்று சற்றுச் சரிவு. டிஷ்ஷுக்கு இரண்டும் பெரிய மாற்றங்கள். 45 சென்டிமீட்டர் டிஷ், நடுவிலிருந்து 2 பாகை விலகினாலே அலைகளின் ஆற்றலில் பாதியை இழந்துவிடும். டிஷ்ஷின் குறி ஒரு பாகை தவறினால், செயற்கைக்கோள் இருக்கும் தொலைவில் அது சுமார் 650 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள சாலைத் தூரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு அது!

பொருத்தும் முறை

முதலில் முக்காலியின் தூணைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் உள்ள கோண அளவுகள் எல்லாமே பொய்யாகிவிடும். அடுத்து, ஊரின் அஞ்சல் குறியீட்டைப் பெறுவியில் பதிந்து இரண்டு கோணங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றக்கோணத்தை முதலில் வைத்துவிட்டு, பிறகு டிஷ்ஷைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்ப வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கை. உண்மை வடக்கை அல்ல. சியாட்டலில் அது கிழக்கே சுமார் 15 பாகை விலகுகிறது. எனவே 152 பாகைக்கு, திசைகாட்டியில் 137 என்றுதான் பார்க்க வேண்டும். மயாமியில் அது மேற்கே சுமார் 7 பாகை விலகுவதால், 221 என்பது 228 ஆகிவிடும். கோலாலம்பூரில் இந்த விலகல் ஏறக்குறைய பூஜ்ஜியம். அதனால்தான் நாம் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வண்டியின் இரும்பும் முள்ளை இழுக்கும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

பொறுமையும் வேண்டும். இலக்கமுறை அலைகளை அடையாளம் காணப் பெறுவிக்குச் சில வினாடிகள் ஆகும். சற்றே திருப்பி, காத்திருந்து, மீண்டும் திருப்ப வேண்டும். வேகமாகத் திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போனதே தெரியாது.

நிழலா, படமா?

எல்லாம் சரியாகச் செய்தும் படம் வராமல் போகலாம். குற்றவாளி பெரும்பாலும் ஒரு மரம். இந்த அலைகளின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். இலைகளில் உள்ள நீர் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கனமழையில் நம் வீட்டில் படம் மறைவதற்கும் நீர்தான் காரணம்.

மரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி டிஷ்ஷை வைக்கலாம்? மூன்றாம் படிவக் கணிதமே விடை தரும். மரத்தின் உயரத்தை ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் போதும். 20 மீட்டர் உயர மரம் என்றால், சியாட்டலில் 33 மீட்டர், மயாமியில் 16 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோலாலம்பூரிலோ 5 மீட்டருக்கும் குறைவுதான்!

ஆனால் செயற்கைக்கோள் இருக்கும் திசையில் நிற்கும் மரம் மட்டுமே தடை. சியாட்டலில் மேற்குப் பக்கம் மரங்கள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால், மாலை வெயிலுக்கு நிழலும் கிடைக்கும். தென்கிழக்கிலிருந்து வரும் படமும் கெடாது. சில வண்டிகளின் கூரையில் தானாகவே செயற்கைக்கோளைத் தேடும் மோட்டார் டிஷ் இருக்கும். ஆனாலும் எந்த மோட்டாராலும் மரத்தை ஊடுருவிப் பார்க்க முடியாது. வண்டி நிழலில் நின்றால் கூரை டிஷ்ஷும் நிழலில்தான். முக்காலி டிஷ்ஷை நீண்ட கம்பிவடத்தோடு வெட்ட வெளியில் வைக்கலாம். பலர் இன்னும் முக்காலியை விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்

ஒரு கோணமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழாயை ஒட்டுங்கள். நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு சிறு எடையைத் தொங்கவிடுங்கள். குழாய் வழியாகப் பள்ளித் திடலிலுள்ள மரத்தின் உச்சியைப் பாருங்கள். சூரியனை மட்டும் பார்க்காதீர்கள். நூல் காட்டும் அளவுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கோணம்.

அது 77 பாகைக்கு மேல் இருந்தால், அந்த மரம் கோலாலம்பூர் டிஷ்ஷை மறைக்கக்கூடும். 31க்கும் 77க்கும் இடையில் இருந்தால், சியாட்டலில் அதே மரம் படத்தைக் கெடுக்கும், நமக்குக் கவலையில்லை. அளந்து பார்த்து, உங்கள் திடலில் எத்தனை மரங்கள் எந்தப் பட்டியலில் சேருகின்றன என்று எழுதுங்கள்.