மேகங்கள் சொல்லும் சேதி
(ஓர் இசைத்தட்டைக் கேட்கும் முறை)

நமது சங்கத்தின் இளைஞர் இசைக்குழுவில் கிதார் வாசிக்கும் பையன் ஒருவன் சென்ற மாதம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். "அங்கிள், 'நுவாஜ்' வாசிக்கப் போறேன். அதைச் சோகமா வாசிக்கணுமா, சந்தோஷமா வாசிக்கணுமா?" பதில் ஒரு வார்த்தையில் அடங்காது என்பதால் இந்தக் கட்டுரை. ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்தவனுக்கு இசையில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி ஞானம்தான். ஆனால் எதையும் பிரித்துப் போட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் பணி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை.

'நுவாஜ்' என்றால் பிரெஞ்சு மொழியில் மேகங்கள். இதை இயற்றியவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-ல் பெல்ஜியத்தில், வண்டியே வீடாக ஊர் ஊராகச் செல்லும் ரோமா நாடோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பாரிஸ் நகர எல்லையில் வளர்ந்தவர். உலகம் இம்மக்களை 'ஜிப்ஸி' என்று அழைத்தது. அவர்களில் பலர் அச்சொல்லை விரும்புவதில்லை. ஜாங்கோவின் பிரிவினருக்கு 'மனூஷ்' என்று பெயர். மனிதன் என்று பொருள். நம் காதுக்குப் பழகிய சொல்லாகத் தோன்றுகிறதல்லவா? இவர்களுடைய முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பானி', மூக்கு 'நாக்', காது 'கான்'. வெளியே இந்தி பேசி வீட்டில் தமிழ் பேசும் நமக்கு இது சட்டென்று புரியும்.

இரண்டு விரல்கள்

1928-ல், பதினெட்டு வயதில், ஜாங்கோவின் வண்டி வீடு தீப்பிடித்தது. விற்பனைக்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் மெழுகுவர்த்தித் தீ பட்டதுதான் காரணம். இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கி மடங்கிப் போயின. மீதமிருந்த இரண்டு விரல்களால் அவர் கிதாரைப் புதிதாகக் கற்றார். கார்டு பிடிக்கும்போது மட்டும் அந்த ஊன விரல்களையும் ஓரளவு பயன்படுத்திக் கொண்டார்.

மெட்டின் குணத்தில் இதற்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். நாலு விரல் உள்ளவர் ஓரிடத்தில் கையை நிறுத்திப் பல தந்திகளைத் தொடுவார். இரண்டு விரல்காரருக்குத் தந்தியின் நீளவாட்டில் வழுக்கிப் போவது வசதி, வீணையில் ஜாரு வாசிப்பதைப் போல. 'நுவாஜ்' மெட்டும் பெரிய தாவல்களை நம்பியிராமல், பக்கத்துப் பக்கத்து ஸ்தானங்களில் அடி மேல் அடி வைத்துக் கீழே இறங்குகிறது.

1940-ன் பாரிஸ்

ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் 1934-ல் தொடங்கிய ஐவர் குழுவில் டிரம் கிடையாது. எல்லாம் தந்தி வாத்தியங்கள். மற்ற கிதார்கள் 'ஜக்-சக், ஜக்-சக்' என்று அறுத்து அறுத்துத் தாளம் போடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பம்ப்'. பதின்மூன்று மீட்டர்த் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் போட்டு இணைத்த பழைய பாதையில் பயணம் செய்தவர்கள், அந்த இணைப்புகளில் சக்கரம் எழுப்பிய சத்தத்தை நினைத்துக் கொண்டால் போதும்.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். 1940 ஜூன் 14-ல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. ஊரடங்கு, ரேஷன், இருட்டடிப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் பதிவான 'நுவாஜ்' இசைத்தட்டில் வயலின் இல்லை; அதனிடத்தில் கிளாரினெட் வந்தது. தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது என்பார்கள். அடிமைப்பட்ட நகரம் அதைத் தன் பாட்டாகவே எடுத்துக் கொண்டது. வார்த்தையில்லாத மெட்டைத் தணிக்கை அதிகாரி என்ன செய்ய முடியும்?

நாஜிகள் ரோமா மக்களை லட்சக்கணக்கில் கொன்ற காலம் அது. ஜாங்கோவும் 1943-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார். அவரது புகழ்தான் அவரைக் காத்தது என்று பலரும் கருதுகிறார்கள்.

வீட்டுக்கு வெளியே தொடங்கும் பாட்டு

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். மெட்டின் மூல சுருதி ஜி. அதை நம் ஷட்ஜமாக வைத்துக் கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகள் ஷட்ஜ கார்டில், அதாவது சொந்த வீட்டில், தொடங்கும். 'நுவாஜ்' அப்படியல்ல. முதல் கட்டத்தில் கார்டு சுத்த தைவதத்தின் மேல் நிற்கிறது. இரண்டாம் கட்டத்தில் பஞ்சமத்துக்கு இறங்குகிறது. மூன்றாம் கட்டத்தில்தான் ஷட்ஜத்துக்கு, வீட்டுக்கு, வருகிறது. அங்கே சற்று நின்றுவிட்டு, ஐந்தாம் கட்டத்தில் மறுபடி வெளியே போய், மறுபடி திரும்புகிறது.

முதல் கார்டில் சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் ஒலிக்கின்றன. வீட்டுக் கார்டில் அவை அந்தர காந்தாரமாகவும் சதுஸ்ருதி தைவதமாகவும் மாறுகின்றன. இரண்டும் ஒரு ஸ்தானம் மேலே ஏறிவிட்டன. தோடியின் நிழலில் நின்றவர் சங்கராபரணத்தின் வெயிலுக்கு வந்ததைப் போல என்று சொல்லலாம். இது ராகம் அல்ல, ஒப்புமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆக, மேலே மெட்டு மெல்ல இறங்கிக் கொண்டிருக்கிறது; அடியில் கார்டு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுகிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால்தான் இது சோகமா சந்தோஷமா என்று நமக்குப் பிடிபடுவதில்லை. துயரத்தை மறைக்காத ஆறுதல் என்பேன். முகம் வாடியிருக்கும்போதே, 'சரியாகிவிடும்' என்று ஒருவர் தோளில் கை வைக்கிறார். 1940-ன் பாரிஸ்காரர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். உற்சாகப் பாட்டு அன்று பொய்யாக ஒலித்திருக்கும். அழுகைப் பாட்டோ தாங்க முடியாததாகியிருக்கும்.

தலைப்பும் நம்மைக் குழப்பும். நமக்கு மேகம் என்றால் மழை; மழை என்றால் மகிழ்ச்சி. காளிதாசனின் யட்சன் மேகத்தைத் தூதாகவே அனுப்பினான். வட ஐரோப்பியக் குளிர்காலத்தில் மேகம் என்றால் நாள் கணக்கில் சூரியனை மறைக்கும் சாம்பல் நிறக் கூரை. ஆனாலும் மேகம் நிற்பதில்லை, நகர்ந்துவிடும் என்பது இரு ஊருக்கும் பொது. பாட்டின் பொருளும் அதுவே என்று எனக்குப் படுகிறது.

கேட்கும் வரிசை

முதலில் 1940 பதிவைக் கேளுங்கள். கிளாரினெட் மேகமாக மிதக்கும்; அடியில் தாளம் தளராது. அடுத்து, போர் முடிந்து கிராப்பெல்லியுடன் லண்டனில் சேர்ந்து 1946-ல் வாசித்தது. பிரிந்த நண்பர்கள் ஆறு வருடம் கழித்து உட்கார்ந்து பேசுவது காதில் விழும். கடைசியாக 1953 மார்ச்சில், மின்சாரக் கிதாரில், பியானோ, பாஸ், டிரம்முடன் நிதானமாக வாசித்தது. இரண்டு மாதம் கழித்து, மே 16-ல், ஜாங்கோ காலமானார். வயது 43.

மூன்றும் ஒரே மெட்டு. மூன்றிலும் பாவம் வேறு. முதலாவதில் பொறுமை, இரண்டாவதில் நிம்மதி, மூன்றாவதில் தனிமை.

எனவே, தம்பி, சோகமாகவும் வாசிக்காதே, சந்தோஷமாகவும் வாசிக்காதே. வேகத்தைக் கூட்டாதே. முதல் இரண்டு கட்டங்களில் அவசரப்படாமல் நில். இருட்டு காதில் பதியட்டும். மூன்றாம் கட்டத்தில் வீட்டுக்கு வரும்போது ஓங்கி மீட்டாதே. சொந்த வீட்டுக்குள் நுழைபவர் யாரும் கதவை உதைத்துத் திறப்பதில்லை. மற்றதை அந்த மெட்டே பார்த்துக் கொள்ளும்.

அன்பர்களும் கேட்டுவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்லுங்கள்.