பல்லைக் கடித்தால் பூச்சிதானா?

குழந்தை ராத்திரி தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால் நம் வீடுகளில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "வயித்துல பூச்சி!" என் மாமியார் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். எதிர்வீட்டுப் பெண், தன் அஞ்சு வயதுப் பையனுக்கு மூன்று மாதத்தில் மூன்று தடவை பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, "இன்னும் கடிக்கிறானே அக்கா" என்று கண் கலங்கினாள். இரண்டு பேருமாகப் பல் டாக்டரம்மாவிடம் போனோம்.

பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லையாம். அதற்காகப் பூச்சி மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்களே, அதைத் தவறாமல் கொடுங்கள். பல் கடிக்கிறான் என்று மாதாமாதம் கொடுக்க வேண்டாம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயதில் நிறையக் குழந்தைகள் கடிக்கும். பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும்.

ஆனால் டாக்டரம்மா ஒன்று கேட்டார். "குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா?" இரண்டுக்கும் ஆமாம்! காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததில், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு வைத்தியம் நடக்கிறது. குறட்டையையும் சேர்த்துக் கவனியுங்கள் என்று இளம் தாய்மார்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெரியவர்கள் விஷயம் வேறு. என் ஓரகத்திக்குக் காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி. இரண்டு தடவை கண்ணாடி மாற்றினாள். தைலம் தீர்ந்ததுதான் மிச்சம். கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பல்லெல்லாம் கொத்தாத அம்மி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. அம்மியையாவது கொத்திக்கொள்ளலாம், பல்லின் எனாமல் போனால் திரும்ப வளராது. கடிப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். என் கொழுந்தனாரோ இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்!

அவளுக்குப் பல்லை அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார்கள். ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கடிப்பதை அது நிறுத்திவிடாது, பல் தேயாமல் காக்கும். பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீரில் போட்டால் கோணிப்போகும்.

பகலிலும் நமக்குத் தெரியாமலே பல்லை இறுக்குகிறோம், முக்கியமாக மனசில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும். இதை ஞாபகப்படுத்த அடுப்புக்கு எதிர்ச் சுவரிலும் கண்ணாடியிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். தாடை வலித்தால் வெந்நீரில் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒத்தடம். சாயந்திரத்துக்கு மேல் காப்பி வேண்டாம்.

மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இது வரலாம். அப்படியானால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள்.