ஏட்டுச் சுரைக்காயா உத்தரவாதம்?

வண்டிக்கு வயது எட்டு மாதம். ஓடிய தூரம் 19,000 கிலோமீட்டர். உத்தரவாதமோ இரண்டு ஆண்டு, அல்லது 40,000 கிலோமீட்டர். அப்படியிருந்தும், பொருளும் கூலியுமாக 14,600 ரூபாய் கட்டு என்று சீட்டை நீட்டுகிறார்கள் விற்ற நிறுவனத்தார். யாரிடம்? கோடீசுவரரிடம் அல்ல! கடன் வாங்கிக் கார் வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டி, மாதம் தவறாமல் தவணை கட்டிவரும் நம் தோழர் ஒருவரிடம்!

ஏனய்யா இந்தக் கட்டணம் என்று கேட்டார் தோழர். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. தேய்கிற பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றனர். எட்டு மாதத்திலா தேயும் என்றார். கிளட்ச்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறீர்கள் என்றனர்! இருபது ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடித்த கை. அவருக்கு ஓட்டத் தெரியவில்லையாம். மேசைக்குப் பின்னே அமர்ந்திருப்பவருக்கு அது தெரிந்துவிட்டதாம்! விற்கும் அன்று "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்று காப்பி கொடுத்தவர்களும் இவர்களேதான்.

பிளேட் தேயும் பொருள்தான், நாம் மறுக்கவில்லை. டயரும் தேயும், பிரேக் கட்டையும் தேயும். ஆனால் கழற்றியபோது அந்தப் பிளேட் எப்படி இருந்தது? எண்ணெயில் ஊறிக் கிடந்தது! என்ஜினின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்தால், எண்ணெய் பிளேட்டில் படியும், பிடிப்புப் போகும், பிளேட் வழுக்கும், வழுக்க வழுக்கச் சூடேறிக் கருகும். பட்டறைப் பையனும் அறிந்த பாடம் இது. அந்தச் சீலுக்கு உத்தரவாதம் உண்டு. அதைக் காசு வாங்காமல் மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள்! கூரை ஒழுகியது எங்கள் குறைதான், ஆனால் பாய் நனைந்தது படுத்தவன் குற்றம் என்கிறார்கள்.

உத்தரவாதத்தை எழுதியவர்கள் அவர்கள் பக்கம். பழுதைப் பார்ப்பவர்களும் அவர்கள் பக்கம். யார்மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்பவர்களும் அவர்களே! பணம் வராமல் சாவி வராது. வண்டி நின்றால் வருவாய் நிற்கும், தவணை நிற்குமா? கட்டினார். கட்டும்போது, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். நல்ல காரியம் செய்தார்.

அடுத்து வந்தது இன்னோர் அம்பு. "நீங்கள் வாடகை வண்டிக்காரர், வணிகர், நுகர்வோர் அல்ல. வழக்குப் போட உரிமையில்லை" என்றார்கள். உண்மையா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். சுயமாக உழைத்துப் பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது என்று அச்சாகியிருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோரே என்று 1995லேயே, லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்டோவுக்கு உள்ள நியாயம் காருக்கு இல்லையா?

குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை என்றால் 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயலவேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். (சட்டம் சொல்லும் மாதத்துக்கும் நாட்காட்டி மாதத்துக்கும் உள்ள உறவை வாய்தாவுக்கு நடந்தவர்கள் அறிவார்கள்!)

நம் தோழர் மனு எழுதிவிட்டார். சோதித்துப் பார்த்தால்தான் குறை விளங்கும் என்றால், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே கருகிய பிளேட்டை நிறுவனத்தாரிடம் விடாமல் கேட்டு வாங்கிவரச் சொன்னோம். வாங்கி வந்து, எண்ணெய்க் கறையைத் துடைக்காமல், கோணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறார்.