படுக்கைப்புண்: களிம்புக்கு முன் கடிகாரம்

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்கள் என்று உடம்பை நம்பி உழைத்த ஒரு தலைமுறை வடசென்னையில் முதுமையை எட்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் பக்கவாதத்திலோ இடுப்பெலும்பு முறிவிலோ படுத்துவிட்டால், வந்த நோயைச் சமாளிப்பதற்குள் முதுகில் இன்னொரு தொல்லை முளைக்கிறது. அதுதான் படுக்கைப்புண்.

வசதி இருந்தாலும் இதில் அலட்சியம் கூடாது. ‘சூப்பர்மேன்’ படங்களின் நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது, படுக்கைப்புண்ணால் ரத்தத்தில் பரவிய தொற்றுக்குத்தான் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

பெட் சோர் என்றதும் நாம் மருந்துக் கடைக்கு ஓடி எந்தக் களிம்பு நல்லது என்று கேட்கிறோம். உண்மையில் இதைத் தடுப்பது களிம்பல்ல. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைக்கும் ஆள்தான்.

சில மணி நேரம் போதும்

உடல் ஒரே நிலையில் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் கிடைக்காத சதை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். தோலைவிடத் தசை சீக்கிரம் சாகும். அதனால்தான் வெளியே எட்டணா அளவில் தெரியும் புண்ணுக்குள் விரல் நுழையும் பள்ளம் இருக்கிறது.

மல்லாந்து படுத்திருப்பவருக்கு வால் எலும்பின் மேற்பகுதி, குதிகால், பின்மண்டை, முழங்கை ஆகிய இடங்களில் அழுத்தம் அதிகம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டு எலும்பும் கணுக்காலும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பிட்டத்து எலும்புகளும் பாதிக்கப்படும்.

நலமாக இருக்கும்போது தூக்கத்தில்கூட நாமாகவே புரள்கிறோம். லேசான வலி நம்மைப் புரட்டிவிடுகிறது. அந்த உணர்வு மரத்துப்போனவருக்குத்தான் ஆபத்து. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான். வலி தெரியாததால் பாதத்தில் அழுத்தம் தொடர்கிறது, புண்ணாகிறது என்று அவர் காட்டினார். நீரிழிவால் கால் மரத்தவர், தண்டுவடம் அடிபட்டவர், நினைவு தடுமாறும் முதியவர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

கறுத்த தோலில் சிவப்பு தெரியாது

முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. விரலால் அழுத்தி எடுத்தாலும் மறையாத சிவப்பு மட்டும் இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நம்மவர்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. எனவே கையால் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டித்தோ கொழகொழத்தோ போயிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, ஊதா நிறம் படர்ந்திருக்கிறதா? தினமும் குளிப்பாட்டும்போது இதைச் சோதிக்கலாம்.

இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும் அல்லது கொப்புளம் வரும். மூன்றாம் நிலையில் கொழுப்புவரை பள்ளம் விழும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் வெளியே தெரியும். முதல் நிலையில் அழுத்தத்தை விலக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நான்காம் நிலைக்குப் போனால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும்.

சுவரில் ஓர் அட்டவணை

சாதாரண மெத்தை என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று மாற்றிக்கொண்டே வரலாம். முழுமையாக ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் விழாது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்தது. அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்த அவர்களில், புண் வந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எந்த இடைவெளியானாலும் இரவும் பகலும் தவறக் கூடாது. நம் இல்லங்களில் தவறுவது பெரும்பாலும் இரவில்தான், ஓர் ஆயா பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில்.

அதனால் கட்டிலுக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டுங்கள். நேரம், எந்தப் பக்கம், யார் புரட்டியது, தோல் எப்படி இருந்தது என்று நான்கு கட்டங்கள் போதும். வீட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இரவு 10 மணி யாருடையது, 2 மணி யாருடையது என்று பெயரெழுதி வைக்க வேண்டும். எல்லாருக்கும் பொது என்று விட்ட வேலையை ஒருவரும் செய்வதில்லை.

புரட்டும்போது இழுக்காதீர்கள். உடலுக்கு அடியில் விரித்த துணியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உராயாது. சாப்பிடும் நேரம் தவிர, கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர வேண்டாம். உயர்ந்தால் உடல் சறுக்கி, தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் இழுபடும்.

மெத்தை, ஈரம், சாப்பாடு

குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைக்கும் பழக்கம் இருக்கிறது, அதனால் பயனில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் சுற்றியுள்ள சதையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். நிறம் மாறிய இடத்தில் ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்த்தால் உள்ளே நைந்த சதை மேலும் நையும்.

காற்று மெத்தை உதவும், ஆனால் புரட்டும் வேலையை அது ஏற்றுக்கொள்ளாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. பம்ப் நின்றால் காற்று மெத்தை தளர்ந்து, உடல் கட்டில் பலகையில் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு ஃபோம் மெத்தையைத் தயாராக வைத்திருங்கள்.

கடலோரப் புழுக்கத்தில் வியர்வையும், டயப்பரில் தேங்கும் சிறுநீரும் தோலை ஊறவைத்து இளக்கிவிடும். ரெக்சின் விரிப்பை உடம்பில் நேரடியாகப் படவிடாமல் மேலே பருத்தித் துணி போடுங்கள். டயப்பர் நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒற்றி எடுங்கள்.

புண் வரும் நிலையில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 62.5 முதல் 75 கிராம். ரசஞ்சோறும் கஞ்சியும் மட்டும் கொடுத்தால் இது கிடைக்காது. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் தட்டில் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

புண் வந்துவிட்டால்

முதலில் அந்தப் பக்கம் படுக்கவைப்பதை நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் எந்தக் கட்டும் பலிக்காது. புண்ணைச் சலைன் நீரால் கழுவலாம். அது இல்லையென்றால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள்தூள், மாத்திரைப் பொடி எதுவும் வேண்டாம். காய்ந்து ஒட்டிய காஸ் துணியைப் பிடுங்கினால் புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வரும். நனைத்து மெல்ல எடுங்கள். கறுத்த பொருக்கை வீட்டில் கத்தரியால் வெட்டாதீர்கள்.

மீன் உலரும் தெருக்களில் ஈ அதிகம். கட்டு எப்போதும் மூடியிருக்கட்டும், பகலிலும் கொசுவலை கட்டுங்கள். புழு வைத்துவிட்டால் கையில் கிடைத்ததை ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போவதே சரி.

காய்ச்சல், கெட்ட நாற்றம், சீழ், பரவும் வீக்கம், எலும்பு தெரிதல், திடீர்ப் பிதற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் ஒட்டறுவைப் பிரிவு இருக்கிறது. ஆழமான புண்களைப் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் அறுவைச் சிகிச்சை அத்துறையின் வேலை. வீடு திரும்பிய பிறகு புரட்டும் முறை மாறாவிட்டால் மூடிய புண் மீண்டும் திறக்கும்.

வீட்டில் படுத்திருப்பவருக்கு, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104, முதியோர் உதவி எண் 14567.

இல்லத்தில் சேர்க்கும்முன் கேளுங்கள்

பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டணத்தோடு இவற்றையும் கேட்க வேண்டும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? சேரும் நாளில் உச்சி முதல் பாதம்வரை தோலைப் பார்த்து எழுதிவைப்பார்களா? புண் வரும் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்களா? அதில் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு அம்சங்கள்; மொத்தம் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. புரட்டும் அட்டவணையைக் காட்டுவார்களா?

இல்லத்தை நடத்துகிறவர்களும் மாதந்தோறும் ஒரு கணக்கு எடுக்கலாம்: நம்மிடம் வந்த பிறகு புதிதாகப் புண் வந்தவர் எத்தனை பேர்? ஒருவருக்கு வந்திருந்தால்கூட எந்த ஷிப்டில், ஏன் தவறியது என்று உட்கார்ந்து பேச வேண்டும். ஆயாவைத் திட்டினால் அடுத்த புண்ணை அவர் மறைப்பார். அவருக்குத் துணையாக இரவில் இன்னோர் ஆளைப் போட்டால் அடுத்த புண் வராமலேயே போகலாம். அந்தச் சம்பளம், நான்காம் நிலைப் புண்ணுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.