முன்பேர வணிகமும் விலைப்போக்கும்: சில தவறான எண்ணங்கள்

ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கும் தொழிலாளியைத் தேடி வருவோர் பலர். "நிபுணர்கள் நடத்தும் முன்பேர நிதி, மாதந்தோறும் தவறாமல் இத்தனை வெள்ளி" என்று அவர்கள் கூறும்போது, அச்சொற்களின் உண்மைப் பொருளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முன்பேரமாவது, பின்னொரு மாதத்தில் கைமாறவிருக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசி உடன்படுதல். ஜப்பானில் ஓசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தையில் 1730 முதல் அரசின் இசைவோடு இம்முறை நடந்தது. நம் நாட்டில் செம்பனை எண்ணெய்க்கு 1980இல் கோலாலம்பூரில் இத்தகைய சந்தை தோன்றிற்று. இன்று அது புர்சா மலேசியாவைச் சார்ந்து நடைபெறுகிறது. நம் மலையில் விளையும் தேயிலைக்கு அது வேரூன்றவில்லை. தரம் பிரித்த ஒரு டன் எண்ணெய் இன்னொரு டன்னைப் போன்றது. தேயிலையோ தோட்டத்துக்குத் தோட்டம், பறிப்புக்குப் பறிப்பு மாறுவது. நாவிலிட்டுச் சுவைத்தே அதற்கு விலை சொல்ல வேண்டும். ஆகவேதான் கொழும்பில் 1883 முதல் ஏலம் வழக்கிலிருக்கிறது.

முன்பேரம் வெறும் சூதாட்டம் என்பர் சிலர். விலை வீழுமோ என அஞ்சும் ஆலைக்காரர் தம் அச்சத்தை வேறொருவர் தோளில் ஏற்றிவிடுவதற்கே இச்சந்தை எழுந்தது. தோள் கொடுப்பவர் இலாபத்தை நாடியே கொடுக்கிறார். அதில் குற்றமில்லை, சுமையின் எடையை அறியாது தோள் கொடுப்பதே கேடு.

எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் ஒன்று 25 டன். டன் 4,000 வெள்ளியானால் மொத்தம் 1,00,000 வெள்ளி. பத்தில் ஒரு பங்கு, அதாவது 10,000 வெள்ளி, முன்பணம் கட்டியதாகக் கொள்வோம். விலை 400 வெள்ளி இறங்கினால் முன்பணம் முழுதும் போயிற்று! மேலும் இறங்கினால் மேலும் கட்ட வேண்டும். "சிறிய முதல், சிறிய ஆபத்து" என்பது பொய். 1984இல் கோலாலம்பூர்ச் சந்தையில் தரகர் சிலரே கடனைத் தீர்க்க இயலாது நின்றனர்.

இனி, விலைப்போக்கைத் தொடரும் முறை. இம்முறையினர் நாளைய விலையை முன்னறிவார் என்று பலர் எண்ணுகின்றனர். அவர்கள் எதையும் முன்னறிவதில்லை. கடந்த இருபது நாளின் உச்சத்தை விலை தாண்டினால் வாங்குவர். கடந்த பத்து நாளின் தாழ்வுக்குக் கீழே போனால் விற்று விலகுவர். விதி இவ்வளவே. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளியைக் கடந்து, ஜூலையில் 4,000க்கும் கீழே வீழ்ந்தது. இம்முறையினருக்கு அந்த உச்சி கிட்டாது, நடுப்பகுதியே கிட்டும். விலை மேலும் கீழுமாக அலையும் மாதங்களில் சிறு நட்டங்கள் அடுக்கடுக்காக வரும். பத்து முயற்சியில் ஆறேழு தோற்பதும் இயல்பு.

கோசு விலை ஏறியதும் கோசு நடும் நம் கியா பார்ம் விவசாயியும் போக்கைத்தானே தொடர்கிறார் என்று கேட்கலாம். அவர் அறுவடை வரை விலக முடியாது. மற்றவரோ அன்றே விலகலாம். வேறுபாடு அதுதான்.

ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சிக்காகோவில் 1983இல் ரிச்சர்டு டென்னிஸ் என்பார், வணிகத் திறமை பிறவியிலன்று, பயிற்சியால் வருவது என்று தம் கூட்டாளியோடு வாதிட்டு, சிலரைத் தேர்ந்து இரு வாரம் கற்பித்தார். மாணாக்கரிற் பலர் பெரும்பொருள் ஈட்டினர். கற்பித்தவரோ 1987, 1988ஆம் ஆண்டுகளில் பெருநட்டமடைந்து, பிறர் பணத்தை நிர்வகிப்பதிலிருந்து விலக நேர்ந்தது.

பங்குச் சந்தை சரியும்போதெல்லாம் இந்நிதிகள் காக்கும் என்பதும் பாதி உண்மையே. 2008இலும் 2022இலும் காத்தன. அச்சரிவுகள் பல மாதம் நீடித்தவை. 2023 மார்ச்சில் அமெரிக்க வங்கி ஒன்று வீழ்ந்து கடன் பத்திர விலை திடீரெனத் திரும்பியபோது, சில நாளிலேயே பெரிதும் இழந்தன.

ஆகவே, மாதந்தோறும் ஒரே அளவு வருமானம் தருவதாகச் சொல்லும் நிதி எதுவாயினும், அது இம்முறையில் நடப்பதன்று. அதை நடத்துபவர் உரிமம் பெற்றவரா என்பதை, சுருஹான்ஜாயா செக்குரித்தி எனப்படும் பங்குப் பத்திர ஆணையத்திடம் பணம் கட்டுமுன் எவரும் கேட்டறியலாம்.