மலைக்கு வேண்டும் தலைமை!

நாடு விடுதலை பெற்றது 1947-இல். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆதிக்கம் நீடித்ததோ 1976 வரை! மூன்று ஜாகீர்கள், பிறப்பே பட்டம், பரம்பரையே பதவி!

ஜாகீர் ஒழிந்த அன்றே வாக்குரிமை வந்ததா? இல்லை. 1990-களில்தான் கிட்டியது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். அந்த வழக்காவது எப்போது எழுந்தது? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு!

மக்களாட்சி பேசும் அமெரிக்கா மட்டும் என்ன செய்தது? மண்ணின் மைந்தரான பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை தர 1924 வரை காக்க வைத்தது. அரிசோனாவிலும் நியூமெக்சிகோவிலும் அவர்கள் வாக்குரிமைக்காக 1948 வரை வழக்காட வேண்டியிருந்தது.

உரிமை பிந்தினால் தலைமையும் பிந்தும், தோழர்களே! நம் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

எனவே, மலையாளிப் பழங்குடி இளைஞனுக்கும் பெண்ணுக்கும் ஊராட்சி மன்றமே முதல் பள்ளிக்கூடம். வெள்ளிமலைக்கு வாக்குக் கேட்க மட்டுமா நாம் ஏறுவது? கிராமசபையில் கணக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். மனு எழுத, மேடையேறிப் பேசப் பழக்குவோம். அவர்கள் தேர்ந்து நின்றதும், முன்வரிசை நாற்காலியை விட்டு நாம் எழுந்துகொள்வோம்.

மலைக்காகப் பேச ஆள் அனுப்பியது போதும். மலையே பேசட்டும், நாம் கேட்போம்!