வீடு கட்டும் ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போகும் பக்கம்

சொந்த வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தக்காரரோடு எழுதிக்கொள்ளும் பத்திரத்தில் சதுர அடிக்கு என்ன விலை என்பது கட்டாயம் இருக்கும். சிமென்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்த பிராண்டு, குளியலறையில் டைல்ஸ் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இருக்கும். அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, ரூஃப் போட்டதும் இவ்வளவு என்று தவணைகளும் தெளிவாக இருக்கும். வேலை நடக்கும் மாதங்களில் யார், எதை, யாரிடம், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது. பிறகு வரும் சண்டைகள் பல இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ரூஃப் கான்கிரீட் போடும் நாளையே எடுத்துக்கொள்வோம். சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, எலெக்ட்ரீஷியன் வந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்த பிறகுதான் கான்கிரீட் கொட்ட முடியும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, கம்பிகளுக்கு நடுவே வரைபடத்தில் உள்ள இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பொறியாளர் கண்ணால் பார்ப்பதற்கு அதுவே கடைசி வாய்ப்பு. கொட்டி முடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கான்கிரீட் சார்” என்று முந்தைய நாள் ராத்திரி வரும் போனை முறையான தகவல் என்று எப்படி ஏற்பது? ஹாலுக்கு ஃபேன் ஒன்றா இரண்டா என்று வீட்டுக்காரர் முடிவு சொல்லாமல் ஒரு வாரம் இழுத்தாலும் இதே சிக்கல்தான். கம்பி கட்டுகிற ஆட்கள் அதற்குள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் பத்திரத்தில் பதில் இல்லை.

இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும். கான்கிரீட் போட 48 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொறியாளர் பார்த்துச் சம்மதம் தந்த பிறகே கொட்ட வேண்டும் என்பது ஒன்று. ஒப்பந்தக்காரர் கேட்கும் முடிவை வீட்டுக்காரர் 3 நாளில் சொல்ல வேண்டும், தவறினால் அத்தனை நாளும் கெடுவோடு கூடும் என்பது இன்னொன்று.

பணம் கொடுக்கிறவர் வீட்டுக்காரர், ஆகவே சொல்வது, கேட்பது, நினைவூட்டுவது எல்லாமே ஒப்பந்தக்காரர் பாடு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிக் கருதவில்லை. அதன் 67-ஆவது பிரிவுக்குத் தரப்பட்டிருக்கும் உதாரணமே வீட்டு வேலைதான். ஒருவர் தன் வீட்டைப் பழுது பார்க்க இன்னொருவரோடு ஒப்பந்தம் செய்கிறார். எந்தெந்த இடத்தில் பழுது என்று காட்டாமல் விட்டுவிடுகிறார். அதனால் வேலை நின்றால் வேலைக்காரர் மேல் குற்றமில்லை என்கிறது சட்டம். 54-ஆவது பிரிவின் உதாரணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாரமும் மரமும் தருவதாக ஒப்புக்கொண்டவர் தர மறுத்து வேலை நடக்காமல் போனால், கட்டுகிறவருக்கு நேர்ந்த நஷ்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும். ஒத்துழைப்பு என்பது பெருந்தன்மை சார்ந்த விஷயமாக இல்லாமல் சட்டக் கடமையாகவே ஒன்றரை நூற்றாண்டாக இருந்துவருகிறது.

வீட்டுக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது 55-ஆவது பிரிவு. குறித்த தேதிக்குள் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று வைத்துக்கொண்ட இடத்தில், கெடு தாண்டிய பின்னும் வேலையை ஏற்றுக்கொள்கிறோம் என்றால், ஏற்கும் அந்த நேரத்திலேயே “தாமதத்துக்கு இழப்பீடு கேட்பேன்” என்று தெரிவித்துவிட வேண்டும். வாய் திறக்காமல் சாவியை வாங்கி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டுப் பிறகு கேட்டால் அந்த உரிமை நிற்காது.

அரசுப் பணிகளில் தாமதத்தைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு பழக்கம் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைத்தளங்களில் இடையூறுப் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்பார்கள். வரைபடம் வரத் தாமதம், மழை, இடம் ஒப்படைக்கப்படவில்லை என்று வேலை தடைபட்ட காரணமும், தொடங்கிய தேதியும், நீங்கிய தேதியும் அதில் ஏறும். கெடுவை நீட்டிக்கக் கேட்கும்போது அந்தப் பக்கங்கள்தான் பேசும். 40 பக்க நோட்டு ஒன்றைச் சைட்டில் வைத்து, வாரம் ஒருமுறை இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் தனி வீட்டுக்கும் இது போதுமானது. பிரிட்டனில் 1993-இல் வெளிவந்த என்இசி என்ற மாதிரி ஒப்பந்தம் இன்னும் முன்னே போனது. செலவு கூடும், நாள் தள்ளும் என்று தெரிந்த உடனே எந்தத் தரப்பானாலும் முன்னெச்சரிக்கை தர வேண்டும் என்பது அதன் விதி. 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்கள் இந்த வகை ஒப்பந்தத்தில் நடந்தவை. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்பவருக்கு ஒப்பந்தமே பாதுகாப்பு தருகிறது என்பதால் எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். நம் ஊரில் கெட்ட செய்தியைக் கடைசிவரை மறைத்துவைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

அடுத்தது எக்ஸ்ட்ரா வேலை. “அந்த ஓரத்துல ஒரு லாஃப்ட் போட்டுடுங்க மேஸ்திரி” என்று போகிற போக்கில் சொன்னது, கடைசி பில்லில் பெரிய தொகையாக வந்து நிற்கும். எழுதிக் கொடுக்கவில்லை, ஆகவே தர மாட்டேன் என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. முறையான ஒப்பந்தமே இல்லாமல் அன்றைய வங்காள மாகாண அரசுக்குக் கட்டிக் கொடுத்த கொட்டகைகளுக்கு, 1961-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படிதான் பணம் தரச் சொன்னது. அதே சமயம், தன் இஷ்டத்துக்குத் தொகை போட ஒப்பந்தக்காரருக்கும் இது உரிமை தராது. விலையையும் கூடுதல் நாட்களையும் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே கூடுதல் வேலை தொடங்கும் என்று முதலிலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இன்று பெரும்பாலான பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்து நீட்டினால் மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு, அத்துடன் சான்றிதழும் கேட்கிறது. ஆகவே எந்த எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது முறையான தகவல் என்பதைப் பத்திரத்திலேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்காரர் தரப்பில் முடிவு சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். அப்பா ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒன்று சொன்னால் மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பார்?

செய்திகள் தாமே மறையும்படி வைத்திருக்கும் வசதியை இந்த வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் அணைத்துவையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரையாவது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். போனில் பேசி ஒன்றை முடிவு செய்தால், வைத்ததுமே “இப்போது பேசியபடி மாடிப்படி கைப்பிடி ஸ்டீல், கூடுதல் தொகை இல்லை, வரும் வெள்ளிக்குள் முடியும்” என்று ஒரு வரி தட்டி அனுப்புங்கள். எதிர்த்தரப்பு சரி என்று பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.